ஒன்டாரியோவில் பிரெஞ்சு பேசுவது யார்? பாப்பாவை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

அவினாசி ரோடு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க.

நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். மனைவி கோவையில் ஸ்டாஃப் நர்ஸ். கனடா போகலாமென்று ரொம்ப நாளாகப் பேச்சு. இங்கிலீஷ் மார்க்கை மட்டும் வைத்துப் பார்த்தால் எங்கள் புள்ளி எட்டவில்லை. கன்சல்டன்ட் இப்போது புது வழி சொல்கிறார். "உங்கள் மனைவி பிரெஞ்சு படிக்கட்டும், சட்பரி என்று ஒரு ஊர் இருக்கிறது, அங்கே நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள், அப்புறம் டொரன்டோவுக்கு நகர்ந்துவிடலாம்" என்கிறார்.

பிரெஞ்சு என்றால் கியூபெக், ஒன்டாரியோ என்றால் இங்கிலீஷ் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம். சட்பரி ஒன்டாரியோவில்தானே இருக்கிறது? அங்கே பிரெஞ்சு பேசுகிறவர்கள் யார்? நிஜமாகவே பேசுகிறார்களா, இல்லை சர்க்கார் போர்டில் மட்டும் இருக்கிற பாஷையா?

இன்னொன்று, பாப்பாவுக்கு இப்போது மூன்றரை வயசு. பிரெஞ்சு பேசுகிற குடும்பமாகக் கணக்குக் காட்டிப் போனால் பிள்ளையைப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் சேர்க்கணுமா? நாங்கள் சிங்காநல்லூர் நாயுடு குடும்பம். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ். தெலுங்கு எழுதப் படிக்க எங்கள் அப்பாவுக்கே வராது. இதற்கு மேல் நாலாவதாக ஒரு பாஷையைப் பிள்ளை தலையில் கட்டுவதா என்று மாமனார் சத்தம் போடுகிறார். போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

பீளமேடு பிஆர் எழுதியது:

உங்கள் கன்சல்டன்ட் இரண்டு வழிகளைப் போட்டுக் குழப்புகிறார்.

முதல் வழி எக்ஸ்பிரஸ் என்ட்ரி, அதாவது புள்ளி போட்டு ஆள் எடுக்கும் கனடா அரசு முறை. கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது நான்கிலும் என்.சி.எல்.சி. என்கிற கனடாவின் பிரெஞ்சு அளவுகோலில் 7 எடுக்க வேண்டும். ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏறக்குறைய பி2 நிலை. டெஃப் கனடா, டிசிஎஃப் கனடா இரண்டு பரீட்சையில் எதை எழுதினாலும் சரி. கூடவே சி.எல்.பி. என்கிற இங்கிலீஷ் அளவுகோலில் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் கூடுதலாக 50 புள்ளி. 2023-லிருந்து பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிச் சுற்றும் நடக்கிறது. அதில் கட்-ஆஃப் பொதுச் சுற்றைவிட நன்றாகவே கீழே நிற்கும். கியூபெக்குக்கு வெளியே எந்த ஊரிலும் குடியேறலாம்.

இரண்டாவது, பிரெஞ்சுச் சமூகங்களுக்கான பைலட் திட்டம். 2025-ல் வந்தது. சட்பரி, டிம்மின்ஸ், நியூ பிரன்ஸ்விக்கின் அக்கேடியத் தீபகற்பம் என்று மொத்தம் ஆறு இடங்கள். இதற்கு என்.சி.எல்.சி. 5 போதும். ஆனால் அந்த ஊர் முதலாளியின் வேலை ஆஃபர் கையில் இருக்கணும், அங்கேயே குடியிருக்கப் போவதாக எழுதிக் கொடுக்கணும். பி.ஆர்., அதாவது நிரந்தரமாக வசிக்கும் அனுமதி, வந்த பிறகு எங்கே வேண்டுமானாலும் வசிக்கச் சட்டம் விடும்தான். ஆனால் மனசில் டொரன்டோவை வைத்துக்கொண்டு பேப்பரில் சட்பரி என்று எழுதுவது பொய் வாக்குமூலம். மாட்டினால் கன்சல்டன்ட் கூட வரமாட்டார்.

ஆறு மாசத்தில் பி2 என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. பணம் கட்டும் முன் கனடா அரசுத் தளத்தை நீங்களே ஒரு தடவை படியுங்கள்.

---

கோபிக்காரி, சட்பரி எழுதியது:

தம்பி, பீளமேட்டுக்காரர் கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டார். நான் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் கோபி பக்கம். வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்துச் சட்பரிக்கு வந்தோம். எனக்கு அப்போது பிரெஞ்சில் "போன்ஜூர்" தவிர ஒன்றும் தெரியாது. இன்றைக்கு ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன், ஷிப்டில் பாதி நேரம் பிரெஞ்சில்தான் ஓடுகிறது.

நீங்கள் இங்கே வந்து இறங்கினால் முதல் வாரம் கன்சல்டன்ட் பொய் சொல்லிவிட்டார் என்றுதான் நினைப்பீர்கள். கடையில், பஸ்ஸில், பாங்கில் காதில் விழுவதெல்லாம் இங்கிலீஷ். ஆனால் ஊரில் கால்வாசிப் பேருக்குப் பிரெஞ்சுதான் தாய்மொழி. ஒன்டாரியோ முழுக்க எடுத்தால் பிரெஞ்சுக்காரர்கள் என்று மாகாண அரசு எண்ணுகிறவர்கள் 6 லட்சத்துக்கு மேல். வடக்கே ஹெர்ஸ்ட் என்று மரம் வெட்டும் ஊர் ஒன்று இருக்கிறது. அங்கே போனால் கதை தலைகீழ், பெட்ரோல் பங்கிலேயே பிரெஞ்சில்தான் ஆரம்பிப்பார்கள். சட்பரியில் அப்படி இல்லை. இங்கே பிரெஞ்சுக்காரரை அவர் வாயைத் திறக்கும் வரை அடையாளம் தெரியாது; திறந்தாலும் முதலில் வருவது இங்கிலீஷ்தான், ஏனென்றால் எதிரில் இருப்பவர் யாரென்று அவருக்கும் தெரியாது.

இவர்கள் நேற்று வந்தவர்களும் இல்லை. 1883-ல் ரயில் பாதை போட வந்தபோதே கியூபெக்கிலிருந்து குடும்பங்கள் வந்துவிட்டன. பாதைக்குப் பாறையை உடைக்கப் போய் நிக்கல் தாது வெளியே வந்தது, அதற்குப் பிறகுதான் இது சுரங்க ஊர். அதற்கு முன் இந்த இடத்துக்கே பைன் மரத்து அன்னம்மாள் பெயரில் பிரெஞ்சுப் பேர்தான், யேசு சபைப் பாதிரிமார் வைத்தது.

இனிப் பள்ளிக்கூடம். உங்கள் கேள்வியின் வேர் இதில்தான் இருக்கிறது. 1912-ல் ஒன்டாரியோ அரசு 17-ஆம் விதி என்று ஒன்று கொண்டுவந்தது. முதல் இரண்டு வருஷத்துக்கு மேல் பிரெஞ்சில் பாடம் நடத்தக் கூடாது என்பது சாரம். ஒட்டாவாவில் கிக் பள்ளி என்று ஒன்று. தெலோஜ் என்று அக்கா தங்கை இரண்டு பேர் டீச்சர்கள், விதியை மீறிப் பாடம் நடத்தினார்கள். 1916 ஜனவரியில், அந்தக் குளிரில், பிள்ளைகளின் அம்மாமார் தொப்பி ஊசியையும் கையில் கிடைத்த அடுப்படிச் சாமானையும் எடுத்துக்கொண்டு பள்ளி வாசலில் காவல் நின்றார்கள், போலீஸ் உள்ளே போகாமல் இருக்க. இந்தக் கதையை இங்கே சின்ன வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். 1927-ல்தான் அந்த விதியைக் கிடப்பில் போட்டார்கள். அப்படியும் அரசுச் செலவில் பிரெஞ்சு ஹைஸ்கூல் வர 1968 ஆகிவிட்டது.

எங்கள் இல்லத்தில் இருக்கிற பெரியவர்கள் பலபேர் அந்த இடைக்காலத்துப் பிள்ளைகள். எட்டாவது வரை பாதிரியார் பள்ளியில் பிரெஞ்சு, அதற்கு மேல் படிக்கணும் என்றால் இங்கிலீஷ் பள்ளி. நிறையப் பேர் நின்றுவிட்டார்கள். ஒரு தாத்தா, பேர் வேண்டாம், ஆயுசு முழுக்கப் பூமிக்கடியில் இங்கிலீஷில் உத்தரவு வாங்கி வேலை பார்த்தவர். மறதி நோய் வந்ததும் இங்கிலீஷ் முதலில் போய்விட்டது. இரவு ஷிப்டில் புதுப் பெண் ஒருத்தி இங்கிலீஷில் மாத்திரையை நீட்டினால் கையைத் தட்டிவிடுவார். சண்டைக்காரக் கிழவர் என்று சார்ட்டில் எழுதிவிட்டுப் போவார்கள். அதே மாத்திரையை நான் என் அரைகுறைப் பிரெஞ்சில் தாத்தா என்று கூப்பிட்டுக் கொடுத்தால் வாயைத் திறந்துவிடுவார். இரண்டாவதாகக் கற்ற பாஷை முதலில் கழன்று போவதை இந்த வேலையில் அடிக்கடிப் பார்க்கலாம். உங்கள் மனைவியைக் கூப்பிடுவது இதற்காகத்தான் தம்பி. பிரெஞ்சு தெரிந்த நர்ஸ் என்று விளம்பரத்தில் போட்டிருப்பது அலங்காரத்துக்கு இல்லை.

ஆஸ்பத்திரி விஷயத்தில் இவர்கள் எவ்வளவு கறாராக இருப்பார்கள் என்பதற்கு மோன்ஃபோர் கதை போதும். ஒட்டாவாவில் பிரெஞ்சில் நடக்கும் ஆஸ்பத்திரி அது. 1997-ல் அரசு நியமித்த சீரமைப்புக் கமிஷன் அதை மூடச் சொன்னது. அந்த மார்ச் 22-ஆம் தேதி ஏறக்குறைய பத்தாயிரம் பேர் திரண்டார்கள். வேனியர் ஊரின் முன்னாள் மேயர் ஜிசெல் லலோன்ட் என்ற அம்மா முன்னே நின்றார். கோர்ட்டுக்குப் போய் 2001-ல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள், ஆஸ்பத்திரி இன்னும் நடக்கிறது. வெறும் கட்டடத்துக்கு அவ்வளவு பேர் வந்திருக்க மாட்டார்கள். டாக்டரும் நர்ஸும் பிரெஞ்சில் பயிற்சி எடுக்க மாகாணத்தில் இருந்த இடம் அது.

இப்போது பாப்பா விஷயம். நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் இதில்தான் குழம்புகிறார்கள். பிரெஞ்சு இம்மர்ஷன் என்பது வேறு, பிரெஞ்சுப் பள்ளி என்பது வேறு. போர்டு என்றால் இங்கே பள்ளிகளை நடத்தும் நிர்வாகம். இம்மர்ஷன் இங்கிலீஷ் போர்டுக்குள் இருக்கிறது. இங்கிலீஷ் வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சு கற்றுக்கொள்ள. யாரும் சேரலாம். பிரெஞ்சுப் பள்ளி தனிப் போர்டு, மாகாணத்தில் மொத்தம் 12 போர்டுகள், அதில் எட்டு கத்தோலிக்கம். ஹெட்மாஸ்டர் முதல் காவலாளி வரை பிரெஞ்சு. 1982 அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவில் இந்தப் பள்ளிக்கான உரிமை இருக்கிறது. ஆனால் அது கனடியக் குடிமக்களுக்கு, அதிலும் தாய்மொழி பிரெஞ்சாக இருப்பவர்களுக்கும் கனடாவில் பிரெஞ்சில் படித்தவர்களுக்கும்தான். புதிதாக வந்த நமக்கு அந்த உரிமை கிடையாது. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவும் மாட்டார்கள். விரும்பினால் விண்ணப்பிக்கலாம். ஹெட்மாஸ்டர், ஒரு டீச்சர், போர்டு அதிகாரி ஒருவர் சேர்ந்த குழு பேசிப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளும். எங்களைக் கேட்ட முக்கியக் கேள்வி, "வீட்டில் யாராவது பிள்ளையோடு பிரெஞ்சில் பேசுவீர்களா, இல்லை எல்லாம் பள்ளியே பார்த்துக்கொள்ளணுமா?" என்பதுதான். பையன் சேர்ந்தான். பின்னால் நாங்கள் சிடிசன் ஆனதும் அவன் படிப்பை வைத்தே அவன் தங்கைக்கும் 23-ஆம் பிரிவு உரிமை வந்துவிட்டது. இதை எந்தக் கன்சல்டன்டும் சொல்ல மாட்டார்.

டொரன்டோவுக்கு நகர்கிறீர்களோ இல்லையோ, அது உங்கள் பாடு. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் புதுசாக வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கியூபெக்குக்கு வெளியே குடியேறுகிறவர்களில் 4.4 சதவீதம் பிரெஞ்சு பேசுபவர்களாக இருக்கணும் என்று அரசு இலக்கு வைத்து எத்தனையோ வருஷம் எட்டாமலே போய், 2022-ல்தான் முதல் தடவை எட்டியது. காமரூன், காங்கோ, மொராக்கோவிலிருந்து வந்த குடும்பங்கள் வந்து சேர்ந்ததால் மூடாமல் தப்பித்த வகுப்புகள் உண்டு. அப்படி எதிர்பார்த்து இருக்கிறவர்களிடம் பிரெஞ்சைப் பாஸ்போர்ட் முத்திரை மாதிரி மட்டும் காட்டிவிட்டுப் போனால் அடுத்து வரும் நம் ஆளுக்குத்தான் முகம் கொடுக்க மாட்டார்கள்.

---

திம்பம் 27 எழுதியது:

அக்கா, ஒரு குறுக்குக் கேள்வி. நான் தாளவாடிக்காரன். பேப்பரில் ஈரோடு மாவட்டம், ஆனால் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுக்கும் மேலே. சத்தியமங்கலத்தைவிடச் சாமராஜநகர் எங்களுக்குக் கிட்டம். வீட்டில் கன்னடம், படித்ததும் கன்னட மீடியம் சர்க்கார் பள்ளி. அந்த வாத்தியார்களை இன்றைக்கும் கும்பிடுவேன். ஆனால் பத்தாவதுக்கு மேல் கீழே இறங்கி வந்தபோது கன்னட மீடியம் மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். டிஎன்பிஎஸ்சியில் தமிழ்த் தாள் பாஸாகாமல் முடியாது என்று வந்த பிறகு என் தம்பி திரும்பவும் அ ஆ எழுதிப் பழகினான். அதனால் இப்போது ஊரில் பலபேர் பிள்ளைகளை நேரே இங்கிலீஷ் மீடியத்தில் போடுகிறார்கள்.

உங்கள் ஊரில் பிரெஞ்சுப் பள்ளி முடித்த பிள்ளை அப்புறம் எங்கே போகும்? கோர்ட்டும் சாசனமும் பள்ளி வாசல் வரைக்கும்தான் துணைக்கு வருமென்றால் பெற்றவர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

---

கோபிக்காரி, சட்பரி எழுதியது:

சரியான இடத்தில் கையை வைத்தீர்கள். இங்கேயும் அடி விழுகிற இடம் அதுதான்.

சட்பரியில் காலேஜ் போரேயால் 1995-லிருந்து பிரெஞ்சிலேயே நடக்கிறது. நர்சிங், எலக்ட்ரிகல், குழந்தை வளர்ப்பு எல்லாம் உண்டு. ஹெர்ஸ்டில் சின்னப் பல்கலைக்கழகம் ஒன்று. ஒட்டாவா இருக்கிறது, நியூ பிரன்ஸ்விக்கில் மொங்டன் இருக்கிறது. ஆனால் 2021-ல் லாரென்ஷியன் பல்கலைக்கழகம் கடனில் மூழ்கியபோது வெட்டிய பாடப்பிரிவுகளில் பிரெஞ்சுப் பிரிவுகள் நிறைய. அந்த வருஷம் பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள் சிலர் ஒட்டாவாவுக்குப் போனார்கள், பலர் பேசாமல் இங்கிலீஷ் பிரிவில் சேர்ந்தார்கள்.

வேலையில் உங்கள் தாளவாடிக்கும் இங்கேயும் வித்தியாசம் உண்டு. 1986-ல் வந்த பிரெஞ்சுச் சேவைச் சட்டப்படி, குறிப்பிட்ட பகுதிகளில் மாகாண அரசு அலுவலகத்தில் பிரெஞ்சில் சேவை கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டு. சட்பரி அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதனால் இரண்டு பாஷையும் தெரிந்த ஆள் கட்டாயம் வேண்டியிருக்கிறது. பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைக்கு இங்கிலீஷும் தண்ணீர் பட்ட பாடு என்பதால் வேலைக்கு நிற்கும்போது அது கூடுதல் பலம், குறை இல்லை. உங்களுக்குக் கன்னடத்தோடு தமிழும் இங்கிலீஷும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருந்தால் நீங்களும் முழித்திருக்க மாட்டீர்கள் அல்லவா?

பயம் எனக்கு வேறு இடத்தில். மத்தியானம் பையனைக் கூப்பிடப் போனால் பிரெஞ்சுப் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் ஒன்றையொன்று துரத்துவது இங்கிலீஷில். டீச்சர் வந்தால் பிரெஞ்சு, போனதும் இங்கிலீஷ். அப்பா ஒரு பாஷை அம்மா ஒரு பாஷை என்கிற வீடுகளில் சாப்பாட்டு மேஜையில் இங்கிலீஷ்தான் ஜெயிக்கிறது. அப்படியும் பள்ளி இருப்பதால் அந்தப் பிள்ளை வளர்ந்து தாத்தாவோடு பேசும். பள்ளியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் லூசியானாவைப் பாருங்கள். 1921-ல் மாநிலச் சாசனத்திலேயே பள்ளிக்கு இங்கிலீஷ் மட்டும் என்று எழுதினார்கள்; வாயைத் திறந்து பிரெஞ்சில் பேசிய பிள்ளைக்கு அடி. 1968-ல் பிரெஞ்சை மீட்க மாநில அரசே அமைப்பு தொடங்கியபோது வெளியூரிலிருந்து வாத்தியார் கொண்டுவர வேண்டியிருந்தது.

---

வின்னிபெக் வாசி எழுதியது:

மனிடோபாவை விட்டுவிட்டீர்களே! 1870-ல், மாகாணம் உருவாகப் போராடிய தலைவர் லூயி ரியேல் காலத்தில், மாகாணம் பிறந்தபோது இரண்டு பாஷைக்கும் சம உரிமை. 1890-ல் இங்கிலீஷ் மட்டும் என்று சட்டம். 1916-ல் பள்ளியிலும் மூடினார்கள். இன்ஸ்பெக்டர் வந்தால் பிரெஞ்சுப் புத்தகத்தை ஒளித்துவைத்துப் பாடம் நடத்திய கன்னியாஸ்திரிகளைப் பற்றி இங்கே பிரெஞ்சுக்காரர் பகுதியான செயின்ட் போனிஃபேஸ் கிழவிகள் இன்னும் பேசுவார்கள்.

அந்த 1890 சட்டத்தைக் கவிழ்த்தது ஒரு பார்க்கிங் டிக்கெட். ஜார்ஜ் ஃபாரெஸ்ட் என்ற இன்சூரன்ஸ் ஏஜென்ட். இங்கிலீஷில் மட்டும் இருந்த அபராதச் சீட்டைக் கட்ட மாட்டேன் என்று நின்று, 1979-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார். 1985-ல் அதே கோர்ட், இங்கிலீஷில் மட்டும் போட்ட மனிடோபாச் சட்டங்கள் செல்லாது, மொழிபெயர்க்கும் வரை தற்காலிகமாக ஓடட்டும் என்றது. ஒரு மாகாணத்துச் சட்டப் புத்தகம் முழுவதையும் திரும்ப எழுத வைத்த மனுஷன். நம் ஊரில் இப்படி ஒருத்தர் கிளம்பினால் "இவனுக்கு வேற பொழப்பில்லை" என்றிருப்போம். இங்கேயும் அப்படித்தான் சொன்னார்களாம்.

---

அவினாசி ரோடு எழுதியது:

அக்கா, உங்கள் பதிலை மாமனாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அந்த மாத்திரை விஷயத்தில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப எனக்கு வயசானா தெலுங்குல பேச யாரு இருப்பா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் விட்டுவிட்டேன்.

டொரன்டோ யோசனையை இப்போதைக்கு எடுத்து வைத்துவிட்டோம். மனைவி பைலட் வழியையே பார்க்கலாம் என்கிறாள். இரண்டு சந்தேகம். நர்ஸ் லைசென்ஸுக்குப் பரீட்சை பிரெஞ்சிலா? இங்கே ட்யூஷனில் சொல்லித்தரும் பிரெஞ்சு அங்கே புரியுமா? பாப்பாவை எந்த வயசில் சேர்க்கணும் என்றும் சொல்லிவிடுங்கள்.

---

கோபிக்காரி, சட்பரி எழுதியது:

லைசென்ஸ் பரீட்சையை இங்கிலீஷிலும் எழுதலாம், பிரெஞ்சிலும் எழுதலாம். என்கூட வேலை பார்க்கிற பெண்கள் பலரும் பிரெஞ்சு வீட்டுப் பிள்ளைகளாக இருந்தும் இங்கிலீஷில் எழுதினார்கள், தயாரிப்புப் புத்தகங்கள் அதில்தான் அதிகம். உங்கள் மனைவி இங்கிலீஷில் எழுதட்டும். சான்றிதழ் சரிபார்க்க நாள் பிடிக்கும், அதனால் ஒன்டாரியோ நர்ஸ்கள் காலேஜுக்கு (பேர்தான் காலேஜ், லைசென்ஸ் தரும் அமைப்பு) விண்ணப்பத்தை இப்போதே ஆரம்பித்து வைக்கணும். பிரெஞ்சு பி1 ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ட்யூஷன் பிரெஞ்சு பாரிஸ் உச்சரிப்பு. பரீட்சைக்கு அது போதும். இங்கே வந்து முதல் மாசம் ஒன்றும் புரியாது. வடக்கு ஒன்டாரியோக்காரர்கள் வார்த்தையை விழுங்குவார்கள், நடுவில் இங்கிலீஷையும் சேர்ப்பார்கள். ரேடியோ கனடாவின் வடக்கு ஒன்டாரியோ காலைச் செய்தியைத் தினமும் கேட்கச் சொல்லுங்கள், இன்டர்நெட்டில் இலவசம். உங்கள் மனைவிக்கு நான் சொல்லும் இன்னொரு வழி, வலி எங்கே, எப்போதிருந்து, சாப்பிட்டாரா, வெளிக்குப் போனாரா என்கிற கேள்விகளை முதலில் வாய்க்குப் பழக்குவது. இலக்கணப் புத்தகத்தில் அவை கடைசிப் பாடத்தில்தான் வரும்.

நாலு வயசு ஆகிற வருஷத்து செப்டம்பரில் சேர்க்கலாம், முழுநாள் வகுப்பு, பீஸ் இல்லை. செப்டம்பர் 25 இவர்களின் கொடி நாள். பச்சையும் வெள்ளையுமாக, ட்ரில்லியம் பூவும் லில்லிப் பூவும் போட்ட கொடி. 1975-ல் முதன்முதலாக ஏற்றியது எங்கள் சட்பரியில்தான். சேர்ந்த மாசமே பச்சைச் சட்டை கேட்டுப் பள்ளியிலிருந்து சீட்டு வரும். திருப்பூர்க்காரர்தானே, அங்கிருந்தே ஒன்றிரண்டு எடுத்து வந்துவிடுங்கள், இங்கே கொள்ளை விலை.

மாமனார் கேட்டதற்கு: வீட்டில் தெலுங்கை விடாதீர்கள். குழு முன்னால் உட்காரும்போதும் அதை மறைக்க வேண்டாம். வீட்டில் எத்தனை பாஷை என்று எங்களிடமும் கேட்டார்கள், தமிழ் என்றதும் அந்த டீச்சர் பேனாவை வைத்துவிட்டு, பையனை ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்.